நரம்பு மட்டும் பச்சை

பகாவ் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஆ கியோங்கின் உரக்கடை. கல்லாவில் நான்.
காலை எட்டுக்கே இலைகள் வரத் தொடங்கும்:
நாசி லெமாக் பொட்டலத்தோடு ஒரே பையில்,
மைலோ டின்னில், ஹெல்மெட்டுக்குள்,
ஒருமுறை போலீஸ் சம்மனுக்குள் மடித்து.

கறுப்பு படிந்திருந்தால் விரலால் தேய்ப்பேன்.
கையோடு வந்துவிட்டால் அது வெறும் பூசணம்.
மேல்கிளையில் செதில்பூச்சி உட்கார்ந்திருக்கும்,
அது ஒழுகவிட்ட தேனுக்கு எறும்பு ஏறும்.
எறும்பின் பின்னால் போங்கள், காட்டிக்கொடுக்கும்.
பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம் என்றால்
சாயங்காலம் ஹோஸ் பிடிப்பதை நிறுத்துங்கள்.
நுனி கருகினால் உரம் மிஞ்சிவிட்டது.
அந்த உரத்தை விற்றவளும் நானே என்பதால்
இதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன்.

சந்தியாகு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
செம்பனைத் தோட்டத்து டிராக்டர்காரர்,
சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.
வெட்சி. அவர் சொன்னது இட்லிப்பூ.
குருத்தெல்லாம் எலுமிச்சை மஞ்சள்,
நரம்பு மட்டும் பச்சை.

"இரும்பு பத்தலை."
"நம்ம செம்மண்ணுல இரும்பு இல்லையாம்மா?"
"இருக்கு. செடியால எடுத்துக்க முடியலை.
எங்க நட்டிருக்கீங்க?"
"சுவரோரம்."
"சுவர் எப்ப கட்டினது?"

உர மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
"அப்பா செத்த வருஷம்.
வீட்டுக்கு நடுவால.
அந்தப் பக்கம் தம்பி."

சிமெந்து மழையில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரையும்,
சுண்ணாம்பு வேருக்கு இறங்கும்,
கொத்தனார் மிச்சக் கலவையை
அங்கேயே புதைத்துவிட்டும் போயிருப்பார்.
வெட்சிக்கோ புளித்த மண் வேண்டும்.

படிவம் ஐந்தில் படித்திருக்கிறேன்:
வெட்சி சூடிக் கிளம்பினால்
அடுத்தவன் மாட்டை ஓட்டிவரப் போகிறார்கள்,
போர் அங்கே ஆரம்பம்.
சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.
அவரிடம் மாடு இல்லை. கோர்ட்டு தேதி இருந்தது.

பில்லுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன்:
முழங்கை ஆழம் தோண்டிக் கலவைக் கட்டியைப் பொறுக்குங்கள்.
கந்தகத் தூள், செடிக்கு இரண்டு கரண்டி.
இரும்பு மருந்தை வெயில் ஏறுமுன் இலையில் அடியுங்கள்.
மில்லில் கேட்டால் வெறுங்குலை தருவார்கள்,
மட்கியதாய்ப் பார்த்து வேரடியில் போடுங்கள்.
"எத்தனை செடி?"
"ஒன்பது."

வெள்ளிக்கிழமை ஒரு பெண்,
பிள்ளையின் பென்சில் பெட்டியைத் திறந்தாள்.
ரப்பருக்கும் அடிக்கோலுக்கும் நடுவே
அதே மஞ்சள். அதே பச்சை நரம்பு.

"சுவரோரமா?" என்றேன்.
"யார் சொன்னா உங்களுக்கு?"
"இலை."

சிரிக்கவில்லை.
சுவர் யாருடையது என்று நான் கேட்கவில்லை,
அவளாகவே சொன்னாள், "எங்க வீட்டுக்காரரோட அண்ணன்
கட்டினது." கொஞ்சம் பொறுத்து,
"பாதிக் காசு நாங்களும் கொடுத்தோம்."

அவளுக்கு ஏழு செடி.

பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கிறது:
இருபது செடிக்குப் போதும்.
ஒன்பதும் ஏழும் பதினாறு.
கணக்கு நாக்கு நுனிவரை வந்தது.
ஆ கியோங் பின்னால் நின்று
மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

பதினெட்டு ரிங்கிட் ஐம்பது காசு என்றேன்.
சரியாக எண்ணி வைத்துவிட்டு
பென்சில் பெட்டியை மூடிக்கொண்டு போனாள்.
இலையை மறந்துவிட்டாள்.

கல்லாவில் கிடக்கிறது,
செவ்வாய்க்கிழமை இலைக்குப் பக்கத்தில்.