ஒன்பதில் ஐந்து

மல்லாவி ஆஸ்பத்திரி. புதன்கிழமை கிளினிக்.
நாற்பத்தோராம் நம்பர் துண்டோடு
தவநேசன் வந்து இருக்கிறார்.
நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி என்கிறார்.
ஈசீஜி எடுத்தாயிற்று, தைரொயிட்டும் பார்த்தாயிற்று.
கல் எதிலும் விழவில்லை.
ஆகவே என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்,
ஒன்பது கேள்வியும் ஒரு பேனையும் வைத்திருப்பவனிடம்.
ஐந்துக்கு ஓம் என்றால் நோய்க்குப் பெயர் உண்டு.

"எதிலயாவது விருப்பம் குறைஞ்சிருக்கோ?"
விருப்பம் என்ற சொல்லை
ஆரோ அறியாத ஆளின் பெயரைப் போலக் கேட்கிறார்.
மனைவிதான் சொல்கிறாள்:
லாண்ட்மாஸ்டர் மாமரத்துக்குக் கீழ நிக்குது டொக்டர்,
சீற்றில கோழி முட்டையிடுது.
அதற்கொரு சரி போடுகிறேன்.

"ரெண்டு கிழமையாவோ?"
எந்தக் கிழமையிலிருந்து எண்ணிறது
என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார்.
வவுனிக்குளம் சிறுபோகத்துக்குத் திறந்த நாளை வைப்பம் என்கிறேன்.
வைக்கிறோம்.
அதற்கு முந்தியதற்குத் தாளில் இடமில்லை.
ஏன் என்ற கட்டமும் இல்லை.
மறதியால் அல்ல. காரணம் என்று வந்தால்
வைத்தியர்கள் சண்டை பிடிப்பார்களாம்,
அறிகுறி என்றால் ஒத்துப்போவார்களாம்.

"ஏதும் பிழை விட்டதா மனசில...?"
வலக்கையை மூடிக்கொண்டார்.
நான் திறக்கச் சொல்லவில்லை. இன்னொரு சரி.

"எப்பவாவது இதுக்கு நேர்மாறா,
நித்திரையில்லாமல், களைப்பில்லாமல்,
நிலத்தில கால் பாவாத மாதிரி?"
இதைக் கேட்டே ஆகவேண்டும்.
ஓம் என்றால் நோயின் பெயர் மாறும், குளிசை மாறும்.
நெடுநேரம் கழித்து, ஒருக்கா, என்கிறார்.
முகாமால வந்து கூரைக்குத் தகரம் போட்ட கிழமை.
மூண்டு இரவு படுக்கேல்லை.
பாட்டுக்கூடப் படிச்சனான்.
பேனை கட்டத்துக்கு மேலேயே நின்றது.
இல்லை என்று எழுதினேன்.

கடைசிக் கேள்வியைக் குரல் மாறாமல் கேட்கப் பழகியிருக்கிறேன்.
அவர் பேசவில்லை.
"பயிருக்கு அடிக்கிற மருந்தை
அக்கா வீட்டில குடுத்திட்டன்" என்றாள் அவள்,
சீனி முடிஞ்சுது என்பதுபோல.

ஏழு.
முதல் தடவை என்று எழுதக் கை கூசியது,
ஆனாலும் தாளில் அதுதான் சரியான சொல்.
மிதமோ கடுமையோ என்ற கோட்டில் கொஞ்சம் தயங்கி
கடுமையைச் சுழித்தேன்.
வார்ட்டில் ஒரு கட்டில் சொன்னேன்.
குளிசையை அவளின் கையில் கொடுக்கச் சொன்னேன்.

துண்டு கிழிக்கும்போதுதான் தட்டியது.
நித்திரைக் கேள்விக்கும் அவள்தானே மறுமொழி சொன்னாள்:
மூண்டு மணிக்கு முழிச்சு முகட்டைப் பாப்பார்,
மூண்டேகாலுக்குத் தண்ணி குடிப்பார்,
நாலுக்குப் படலையடியில போய் நிப்பார்.

"உங்கட நித்திரை எப்பிடி?"
சிரித்தாள். "துண்டு எடுத்தது அவருக்குத்தானே டொக்டர்."

வெளியே நாற்பத்திரண்டு கதவைத் தள்ளிப் பார்த்தது.
லாச்சியைத் திறந்து இன்னொரு தாள் எடுத்தேன்.
பெயர்? என்றேன்.
தவநேசன் என்றாள்,
பிறகு, கொஞ்சம் பொறுத்து, தன்னுடையதை.