முறைப்பாட்டு இலக்கம் பதினான்கு

மாரி தொடங்காத மாதத்தில்
தம்பலகாமத்திலிருந்து ஒருவர் பேசினார்.
"பிள்ளை, எங்கட எருமையள்
வரம்போரம் புது இடமொண்டில படுக்குதுகள்.
வயல் வெடிச்சுக் கிடக்கு,
அந்த இடம் மட்டும் சேறு."
பெயர் கனகசூரியம். எழுதினேன்.
பக்கத்து மேசை சிரித்தது.
எருமைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் என்ன என்று
நானும் கொஞ்சம் சிரித்தேன்.

பதினோராம் நாள் இரவு
கந்தளாயிலிருந்து வரும் பெரிய குழாய்
அந்தச் சேற்றுக்குள் வாய் பிளந்தது.

விடிய, உவர்மலைத் தாங்கியில் ஒன்றரை அடி.

முதலில் கோல் எடுத்தவை நிலாவெளி ஹோட்டல்கள்.
பிறகு லொட்ஜுகள், என்.சி. வீதி மாடிவீடுகள்.
மத்தியானம் ஆஸ்பத்திரி:
டயலிசிஸ் அறையில் நாலு பேர்,
இன்னும் இரண்டு மணித்தியாலம்.
சல்லியிலிருந்து ஒரு கோலும் இல்லை.
அங்கே தண்ணீர் நிற்பது செய்தியல்ல.

ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்ப ஒரு வால்வு உண்டாம்.
வரைபடத்தில் அது ஒரு வேப்பமரத்தடி.
மரம் எப்போதோ போய்விட்டது.
கிண்ணியாவுக்கு மாற்றலாகிப் போன றம்ஸீன்
சாரத்தோடு வந்து வீதியில் நின்றார்,
காலடியால் அளந்தார்,
தேத்தண்ணிக் கடைக்குள் போய்
பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரை
எழும்பச் சொன்னார்.
"இதுக்குக் கீழ."

கடைக்காரன் ஒன்றே ஒன்று கேட்டான்:
"சீமெந்துக்கு ஆர் காசு தருவினம்?"
ஒருவரும் பேசவில்லை.
அவனே அலவாங்கை எடுத்துக் கொடுத்தான்.

ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கத்துக்கு இல்லை.
மறுபக்கம் பாலையூற்று. என் வீடு.
ஐந்தேகாலுக்கு என் கணவர் எடுத்தார்,
என் கைபேசிக்கு அல்ல, சபையின் இலக்கத்துக்கு.
"பெயர்?" என்றேன்.
சொன்னார்.
"முகவரி?"
சொன்னார்.
முறைப்பாட்டு இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
"சரி" என்றார். பின்னால்
சின்னவன் வெற்று வாளியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பவுசர் நாலு. ஒன்றுக்கு டயர் இல்லை.
எது எங்கே என்று
கலண்டரின் பின்பக்கத்தில் எழுதினேன்.
சல்லியை முதலில் எழுதினேன்,
வெட்டினேன்,
திரும்ப எழுதினேன்.

மூன்றாம் நாள் குழாய் ஒட்டுப்பட்டது.
பைப்புகள் முதலில் காற்றை வாந்தியெடுத்தன,
பிறகு துருவை,
பிறகு தண்ணீரை.
கொழும்பிலிருந்து அறிக்கை வந்தது: எதிர்பாராத வெடிப்பு.
பொறியியலாளர் சத்தமாக வாசித்தார்.
நான் கொப்பியில் பதினான்கைத் தேடிப் பார்த்தேன்.
எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில்
ஓர் ஈ செத்து ஒட்டியிருந்தது.

ஐந்தாம் நாள் கனகசூரியம்.
"பிள்ளை, அந்த இடம் காய்ஞ்சு போச்சு.
எருமையள் எழும்பிப் போயிட்டுதுகள்."
நல்லது ஐயா என்றேன்.
"இல்லைப் பிள்ளை. இப்ப
கொஞ்சம் தள்ளிப் படுக்குதுகள்."

பேனாவைத் தேடினேன்.
எவ்வளவு தூரம், ஐயா?

"கூப்பிடு தூரம்தான்."