நாலாயிரத்து இருநூறு

உச்சிப்புளி இ-சேவை மையத்தில்
மூன்றாவது நாற்காலி என்னுடையது.
பிறப்பும் இறப்பும் என் விரல் வழியாகத்தான் போகும்,
நடுவில் வருமானம்.

நம்புக்கனி வந்தாள்.
கூடை வெளியே, சைக்கிள் கேரியரில்.
வாசனை மட்டும் உள்ளே வந்து
வரிசையில் நின்றது.
மின்சார வண்டி வேணும், பின்னால் பெட்டி வைத்தது.
ஐஸ் உருகுமுன் பெருங்குளம், வாலாந்தரவை,
முடிந்தால் ராமநாதபுரம் வரை.
மானியம் உண்டு என்றார்களாம்.
உண்டு.
குடும்ப ஆண்டு வருமானம்
இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால்.

போன வருஷம் இந்தக் கோடு இல்லை.
இதே நாற்காலியிலிருந்துதான் அடித்தேன்:
டாக்டர் வீட்டுக்கு இரண்டு,
சவூதியில் இருக்கும் மகன் பெயரில் ஒன்று,
கல்யாண மண்டபக்காரருக்கு,
சமையல் ஆள் கடைக்குப் போய்வர ஒன்று.
பதினேழு நாளில் நிதி தீர்ந்தது.
பதினெட்டாம் நாள் வந்த இறால் கம்பெனிப் பெண்கள்
கதவில் ஒட்டிய தாளை
ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்டுவிட்டுத்
திரும்பிப் போனார்கள்.
கோடு போடுங்கள் என்ற மனுவில்
என் கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது கூட்டுகிறேன்.
மீன் விற்பதில் இவ்வளவு.
பாசி எடுப்பதில் இவ்வளவு.
விசைப்படகில் புருஷன் பங்கு.
தடைக்கால நிவாரணம்.
"அதுவுமாக்கா?"
அதுவும்தான் என்கிறது திரை.
கடலுக்குப் போகாதே என்று கொடுத்த காசும்
சம்பாத்தியத்தில் சேர்த்தி.

நாலாயிரத்து இருநூறு கூடுதல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.
"எங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் பிடிச்சாங்க.
நடுக்கடல்ல கோடு எங்கக்கா இருக்கு?
தண்ணிக்குப் பக்கத்துல தண்ணி.
தாண்டிட்டேன்னு துப்பாக்கிக்காரன் சொன்னப்பதான்
தாண்டுனதே தெரியும்.
நாப்பத்தோரு நாள் உள்ள இருந்தாரு.
படகு இன்னும் அங்கதான்."

கோடு வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.
பதினேழு நாளை நான் பார்த்தவள்.
ஆனால் எல்லா வலையும்
பெரியதைப் பிடித்துச் சின்னதை விடும்;
சின்னதை உள்ளே விட்டுப்
பெரியதை வெளியே நிறுத்தும் வலைக்கு
எந்த அளவில் கண் வைப்பது,
முடைந்தவருக்கே தெரிந்திருக்காது.

எங்கள் வடகடலில் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா?
நடக்க நடக்க முழங்கால்,
இன்னும் நடந்தால் இடுப்பு,
திரும்பிப் பார்த்தால் கரை தூரத்தில்.
ஆழம் அங்கே அவசரப்படாது.
அப்படிக் குறைந்திருக்கலாம் இந்த மானியமும்.
கொஞ்சம் கூடினவளுக்குக் கொஞ்சம் குறைவாக,
மண்டபக்காரருக்கு ஒன்றுமே இல்லாமல்.
ஒரே ரூபாயில் காலடித் தரை போவது
கடலில்கூட எங்கோ சில இடத்தில்தான்.

நாலாயிரத்து இருநூறைக் குறைத்து அடிக்க
இரண்டு விரல் போதும்.
என் விரல் எண்களின் மேலே நின்றது.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
கதவுக்கு வெளியே கூடையைப் பார்த்தாள்.

கரண்ட் போய்விட்டது.

விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.
இருட்டில் அவள் குரல்:
"இதை நம்பியா வண்டி வாங்கச் சொல்றீங்க?"
பக்கத்து நாற்காலிக்காரன் சிரித்தான்,
நானும்.

இருபது நிமிஷம் கழித்து வெளிச்சம் வந்தபோது
படிவம் வெறுமையாக இருந்தது,
முதலிலிருந்து.
பெயர்: நம்புக்கனி.
ஊர், கதவு எண், குடும்ப அட்டை.
வருமானம்?

"எந்தக் காத்துக்குக்கா?" என்றாள்.
"கச்சானுக்கா, வாடைக்கா?"

கட்டம் ஒன்றுதான் இருந்தது.
வெளியே கேரியரிலிருந்து
ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி
மணலில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தது.