ஆறுக்கு முன்

வீட்டை விற்ற ஓவிதியோ ரெத்தமால்
சாவியோடு மூன்று விஷயம் சொன்னார்.
மழை பிடித்தால் காரைப் பாலத்துக்கு அந்தப்பக்கம் விடு.
குழாய் உறைந்தால் வெந்நீர், நெருப்பு வேண்டாம்.
ஆற்றுச் சத்தம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.
நாலாவதாக ஒன்று சொல்ல வாயெடுத்தவர்
நாயைக் கூப்பிட்டுக்கொண்டு லாரி ஏறினார்.

சந்தியாகோவில் எங்கள் ஜன்னலுக்கு எதிரே
இன்னொரு ஜன்னல்.
அதில் ஒருவர் தினமும் பல் துலக்குவார்.
இங்கே மலை.
முதல் ஞாயிறு பூராவும் அதையே பார்த்தோம்,
தவணையில் வாங்கிய சோபாவை
உட்காராமல் தடவிப் பார்ப்பதுபோல.
திங்கள் வந்தது.

நாலரைக்கு அலாரம்.
ஐந்துக்குக் கார்.
வளைவு, வளைவு, எம்பனாடா கடையின்
அணைக்க மறந்த ஒற்றை பல்பு, மறுபடி வளைவு.
ஆறு மணிக்கு முன்பே ஆற்றைவிட்டு வந்துவிடுவேன்.
லாஸ் மெர்சேதெஸில் காரை நிறுத்தி
மெட்ரோவில் நின்றபடி மிச்சத் தூக்கம்.
பிறகு மருத்துவமனையின் நிலவறை.
அடுத்தவர் விலா எலும்புகளைப் படமெடுப்பது என் வேலை.
"மூச்சை இழுங்க. அப்படியே இருங்க. விடலாம்."
ஒரு நாளைக்கு எழுபது தடவை.
வீடு திரும்பும்போது மலை இருட்டில் கரைந்திருக்கும்.
பத்திரத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில்
பீன்ஸ் சூப்பைச் சூடுபண்ணிக் குடித்துவிட்டுப் படுப்போம்.

சனிக்கிழமை நகரம் மொத்தமும் மேலே ஏறி வரும்.
சைக்கிள், கூடாரம், கறி சுடும் புகை.
ரொட்டி வாங்கப் போன எலியாசர்
இரண்டு மணி நேரம் கழித்து வந்தான்.
"கடன் கட்டுவது நாம்.
குடியிருப்பது அவர்கள்" என்றான்.
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஜூலையில் ஒரு மாலை
தோபலாபா நிலையப் படிக்கட்டில் ஓவிதியோ.
முதுகு அறுவைக்குப் பின் லாரி ஓட்டுவதில்லையாம்,
ஒன்பதாவது மாடியாம்.
"தூக்கமில்லை யெசேனியா. அங்கே அவ்வளவு அமைதி.
ஆற்றை அஞ்சு நிமிஷம் போனில் பிடித்து அனுப்பேன்.
சும்மா வேண்டாம்.
அந்த நாலாவது விஷயத்தைச் சொல்கிறேன்."

மறுநாள் ஐந்து மணிக்குப் பதிவு செய்தேன்.
போட்டுக் கேட்டால்
கார்க் கதவு, என் இருமல், என்ஜின்,
சீட்பெல்ட் போடு என்று நச்சரிக்கும் மணி.
அதற்கும் அடியில்
அடுப்பில் எதையோ மறந்துவிட்டதுபோல ஓர் இரைச்சல்.
அதுதான் ஆறு.
கரை, பின்வாசலிலிருந்து நூற்றுச் சொச்சம் தப்படி.
எட்டு மாதத்தில் அதை நடந்ததில்லை.

புதன்கிழமை மருத்துவமனைக்குப் போன் போட்டேன்:
"பாறை சரிந்திருக்கிறது. பாதை அடைப்பு."
உடனே நம்பினார்கள்.
இந்தப் பள்ளத்தாக்கு எனக்குத் தந்த முதல் உபயோகம்
எவரும் சந்தேகிக்காத ஒரு பொய்.

மைப்போ நீலமில்லை.
சிமெண்டு கரைத்த நிறம்.
தண்ணீருக்கடியில் கற்கள் உருண்டு
முட்டி, நகர்ந்து, மறுபடி முட்டிக்கொண்டன.
போனை நீட்டிப் பிடித்தேன்.
என் சத்தம் விழக்கூடாதென்று மூச்சை இழுத்தேன்.
அப்படியே இருந்தேன்.
விடலாம் என்று சொல்ல ஆளில்லை.
நானே விட்டேன். பதிவில் அதுவும் இருக்கிறது.

அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் பதில்:
"குளிர்காலத்தில் பதினோரு மணிக்குத்தான்
வெயில் மலையைத் தாண்டும்.
சமையலறை மேசை வரைக்கும் வரும்,
நாற்பது நிமிஷம் இருக்கும், போய்விடும்.
வேலைக்குப் போகிறவர்களிடம் சொல்வானேன் என்று
விட்டுவிட்டேன்."

மணி பத்து ஐம்பது.
மருத்துவமனையிலிருந்து அழைப்பு:
பாதை திறந்துவிட்டதா?
ஒரு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டே
"பாறை பெரிசு" என்றேன்.