அரைக்கால் வீசம்

ருவைஸில் ஆகஸ்டு. இரவு இரண்டு மணிக்கும்
கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் வியர்க்கிறது.

பதினான்கு மாதம் மூடிக்கிடந்த உலை.
ஆண்டிமனித் தண்டுகளில்
அறுபது நாளைக்கொரு தரம் பாதி போய்விடும்:
அரை, கால், அரைக்கால்,
வீசம், அரைவீசம், கால்வீசம்.
ஏழாவது பாதியை
அரைக்கால் வீசம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
என்ன என்றார் பியோன்.
நூற்றிருபத்தெட்டில் ஒன்று என்றேன்.
எழுதிக்கொண்டார், எண்ணை மட்டும்.

நொடிக்கு ஒன்றாவது கேட்டால்தான்
உலையைத் தொடலாம் என்பது விதி.
கேட்காமல் தொடங்குவது
இருட்டில் மாடியேறுவது;
படி முடிந்த சங்கதி
கால் அந்தரத்தில் போன பிறகுதான் தெரியும்.

கருவி காட்டியது: நொடிக்கு மூன்று.
கைதட்டினார்கள்.
மைஸா எல்லோருக்கும் கரக் சாயா ஊற்றினாள்.
எனக்கு மட்டும் அந்தத் தாளம் பிடிக்கவில்லை.
நியூட்ரான் முறைவைத்து வராது.
ஒன்று வரும், சேர்ந்தாற்போல் இரண்டு வரும்,
அப்புறம் வரவே வராது,
நீ கொட்டாவி விடும் நேரம் பார்த்து இன்னொன்று.
இதுவோ, சரியாக மூடாத குழாய்.

டார்ச்சும் ஸ்பானருமாகக் கீழே போனேன்.
பன்னிரண்டாம் எண் கனெக்டரில் ஒரு சொட்டு ஈரம்.
இத்தனை கதவு தாண்டிக் கடல் எப்படி உள்ளே வந்தது?
துடைத்தேன். சூடு காட்டினேன். முறுக்கிப் பூட்டினேன்.

மேலே வந்தால்
நொடிக்கு அரைகூட இல்லை.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
"நல்லாத்தானய்யா ஓடிக்கிட்டிருந்துச்சு, இசக்கியப்பா"
என்றார் ஷிப்டு சூப்பர்வைசர் ஜெபக்கனி.
என் சாயாவில் ஆடை படிந்திருந்தது.

புதுத் தண்டு ஜெபல் அலி சுங்கத்தில்
ஒரு முத்திரைக்குக் காத்துக்கிடந்தது.
பதினெட்டு நாள் தள்ளிப்போயிற்று.
மூடியைத் திரும்பத் திறந்து,
குளத்தில் போட்டிருந்த பழைய எரிபொருள் கட்டுகளில்
இரண்டைத் தூக்கி
டிடெக்டர் ஓரமாய் இறக்கினார்கள்.
எரிந்தது போதும் என்று
கணக்கில் கழித்துவிட்டவை.
உள்ளே கியூரியம்
யாரும் கேட்காமல், எதுவும் மோதாமல்
தன்பாட்டுக்கு உடைந்துகொண்டிருந்தது,
நாங்கள் விடுப்பில் போனபோதும்
ஒப்பந்தம் புதுப்பிக்கக் கெஞ்சியபோதும்.

ஒலியைக் கூட்டிவைத்தேன்.
டிக்.
பியோன் பேனா மூடியைக் கழற்றவில்லை.
டிக், டிக்.
பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
டிக்.

இதுவும் ஈரமா என்று கேட்டாள் மைஸா,
சாயாக் கூஜாவைத் தொடாமல்.

இல்லை, கேள்,
தாளம் தப்புகிறது.