தடிமன் புள்ளி நான்கு

கிண்டி எஸ்டேட்டில் மூன்றாவது தெரு,
டயர் குடோனுக்கு மேல்மாடி.
பள்ளிக்கூட அட்லஸில் மேற்கு ஆசியா என் பொறுப்பு.
சர்வதேச எல்லை என்றால்
கறுப்பு, முழுக்கோடு, தடிமன் புள்ளி நான்கு.
முடிவாகாத எல்லை என்றால் விட்டு விட்டு.
மணலுக்கு மஞ்சள், பதினைந்து சதவீதம்.
அதற்கு மேல் போனால் பாலைவனத்துக்குக்
காமாலை வந்துவிடும் என்பார்
மிஷின்மேன் தணிகாசலம்.

பழைய பிலிம் ஒன்று ரேக்கில் கிடந்தது.
இராக்குக்கும் சவூதிக்கும் நடுவே அதில் ஒரு வைரம்,
சீட்டுக்கட்டு டைமண்ட் போல.
இரு பக்கத்து ஆடும் அங்கே மேயலாம்,
இரு பக்கத்து ஆளும் கிணற்றில் இறைக்கலாம்,
யாரும் கோட்டை கட்டக்கூடாதாம்.
பிறகு பேசிப் பிரித்துக்கொண்டார்கள்.
புதுப் பதிப்பில் அந்த வைரத்தைத் தேர்ந்தெடுத்து
டிலீட் தட்டியது நான்தான்.
கிணற்றுக்கு எங்கள் அளவில் குறியீடு இல்லை.

எத்திராஜ் என் வீட்டுக்காரன்.
நான் போடும் கோட்டின்மேல் டிரெய்லர் ஓட்டுகிறவன்.
தம்மாமில் ஏற்றி தோஹாவில் இறக்குவான்:
தயிர், தக்காளி, சில சமயம் டைல்ஸ்.
தோஹாவில் அவன் தம்பி குலசேகர்.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
என் பருப்புப்பொடியோ ஒரு குக்கர் கேஸ்கட்டோ
சல்வா செக்போஸ்ட்டைத் தாண்டும்.

அந்த ஜூனில், நோன்பு மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில்,
மூடிவிட்டார்கள்.
"அண்ணன் தம்பிச் சண்டை" என்றான் போனில்.
"ஒரே பாஷை, ஒரே தொழுகை,
பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தவங்க.
ரெண்டு நாள்ல சரியாயிடும்."
அவனுக்கு முன்னால் நூறு லாரி.
ஆறாம் நாள் தக்காளி ஒழுகத் தொடங்கியது.
பிறகு ஒட்டகங்கள் வந்தன.
இந்தப் பக்கம் மேய்ந்தே பழகியவை,
உங்கள் ஊருக்குப் போங்கள் என்று
விரட்டப்பட்டவை.
"எது ஊருன்னு அதுங்களுக்குத் தெரியணுமே."
ஓட்டி வந்த சூடான்காரன் தண்ணீர் கேட்டானாம்.
இவன் கேனையும் கொடுத்து,
பின்கதவையும் திறந்துவிட்டானாம்.
அழுகியதைத்தான் ஒட்டகங்கள் விரும்பித் தின்றன.

"உன் படத்துல இங்க என்ன இருக்கு?"
ஒரு கோடு, என்றேன்.
"ஏழு கவுண்ட்டர் இருக்கு. ஒரு மசூதி இருக்கு.
பெட்ரோல் பங்க் பின்னால
பூனை ஒண்ணு குட்டி போட்டிருக்கு. எழுதிக்கோ."

அப்புறம் மூன்றரை வருஷம்
சல்வாவிலிருந்து தோஹாவுக்கு
வியாசர்பாடி வழியாகத்தான் பாதை.
தம்பிக்கென்று அவன் கொடுத்தனுப்பும் பேரீச்சம்பழத்தை
லீவில் வந்த யாரோ என்னிடம் தருவார்கள்.
லீவு முடிந்து போகிற யாரிடமோ
மீனம்பாக்கத்தில் நான் தருவேன், இரவு இரண்டு மணிக்கு.
"எவ்ளோ வெயிட் அக்கா?" என்று
தூக்கிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை இருவருக்கும் ஒரே வாரம் லீவு கிடைத்தது.
என் ஹாலில், ஃபேனுக்குக் கீழே, சந்தித்தார்கள்.
முதல் நாள் பிரியாணி.
மூன்றாம் நாள், விசாவுக்கு வாங்கிய
நாற்பதாயிரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.
நான்காம் நாள் குலசேகர்
மாமியார் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஜனவரியில் எல்லையைத் திறந்தார்கள்.
டிவியில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.
மறுபதிப்புக்கு முன் எடிட்டர் கேட்டார்:
மேற்கு ஆசியாவில் திருத்தம் உண்டா?
மூடினபோதும் இல்லை சார்,
இப்போதும் இல்லை.

எத்திராஜ் மாதம் நான்கு தடவை தோஹா போகிறான்.
தம்பி அறைக்குப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி
தயிரை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

நேற்று ஒரு பெட்டி வந்தது. பேரீச்சம்பழம்.
மூடியில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி,
'குலசேகர், தோஹா.'
கண்டக்டர் தோட்டத்துப் பையன் ஒருவன்
இன்று இரவு போகிறானாம்.
பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.
மூன்று கிலோ இருக்கும்.