பன்னிரண்டு கூடை

ஞாயிறு முதல் பூசைக்கு என்னால் போக முடியாது.
கரிமேட்டுக்குப் பாம்பன் வண்டி வருகிற நேரம் அது.
மாலைப் பூசையில், கடைசி பெஞ்சில்,
எலுமிச்சை தேய்த்தும் போகாத வாடையோடு
கேட்டுக்கொண்டிருந்தேன்:
ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர்.

சாமியார் அது பெருகிய கதையைச் சொன்னார்.
எனக்குள் ஓடியது வேறு.
என்ன மீன் அது? செதில் உரித்தது யார்?
கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய பையனை
அவன் ஆத்தா என்ன சொல்லி வைதாள்?
மிச்சம் பன்னிரண்டு கூடையாம்.
ஐஸ் இல்லாத ஊர்,
எங்கள் சித்திரை போலத்தான் வெயில் இருந்திருக்கும்,
விடிவதற்குள் அத்தனையையும் யார் தலையில் கட்டினார்கள்?

மறுநாள், கடை கழுவுகிற நேரம்,
ஆரப்பாளையத்துக்காரி வந்தாள்.
வாரம் தவறாமல் விலை கேட்பாள்,
வாங்கியதில்லை.
வாய் கிழிந்த சங்கரா இரண்டு கிடந்தது.
வெட்டி, அலசி, பையில் போட்டேன்.
"எவ்வளவுக்கா?"
"நாளைக்கு நாறிப்போகும், கொண்டு போ."

பொய்.
என் பெட்டியில் அன்று கழுத்துவரை ஐஸ்.
இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா,
தெரியவில்லை.